பாறசாலையில் அடக்கமான கட்டி

எங்கள் ஆய்வுக்கூடத்தின் பயணப்படி விதிகளில் இரண்டே வகை ஊர்கள்தான் உண்டு: தமிழ்நாட்டில் இருப்பவை, தமிழ்நாட்டில் இல்லாதவை. பாறசாலை இரண்டாவது வகை. களியக்காவிளையில் நின்று கொஞ்சம் பலமாகத் தும்மினால் காதில் விழுகிற தூரம்தான். ஆனாலும் டென்மார்க் போகிறவர் நிரப்புகிற அதே படிவத்தைத்தான் நானும் நிரப்ப வேண்டும். 'பயணத்தின் அறிவியல் நோக்கம்' என்ற கட்டத்தில் 'ஒரு மெழுகுக் கட்டையை வாங்கி வருதல்' என்று எழுதினேன். பேராசிரியர் அதை அடித்துவிட்டு, 'உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளின் நெடுங்கால நடத்தை குறித்த களப்பணி' என்று திருத்தினார். படி ஒன்றுதான், கௌரவம் கூடிவிட்டது.

வாய், தாடை, உமிழ்நீர்ச் சுரப்பி, இந்த மூன்று இடங்களில் வருகிற கட்டிகளை நுண்ணோக்கியில் பார்ப்பது எங்கள் பிழைப்பு. அறுவையில் எடுத்த சதைத் துண்டை மெழுகில் பதித்து, பாதித் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டையாக்கி வைப்போம். வேண்டும்போது அதிலிருந்து தாளைவிட மெல்லியதாகச் சீவிச் சாயம் ஏற்றிப் பார்க்கலாம். கட்டை எத்தனை வருடமானாலும் கெடாது. வைத்த இடம்தான் மறந்துபோகும்.

நான் தேடிப் போன கட்டை லில்லிபாய் அக்காவினுடையது. நெய்யாற்றின்கரைப் பக்கம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். எட்டு வருடம் முன்பு வலது காதுக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒரு கட்டி வந்து, அவர்கள் ஊர்ப் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் எடுத்தார்கள். 'சாதுவான கட்டி' என்று அறிக்கை கொடுத்து, மெழுகுக் கட்டையையும் கணவர் கையில் கொடுத்துவிட்டார்கள். இப்போது அதே இடத்தில் மறுபடி ஒன்று முளைத்திருக்கிறது. மகள் சென்னையில் வேலை பார்ப்பதால் எங்களிடம் வந்தார்.

எங்கள் அறுவை மருத்துவருக்குச் சந்தேகம். ஊசியில் எடுத்த சாம்பிளை வைத்துத் தீர்மானமாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. பழைய கட்டி உண்மையிலேயே சாதுதான் என்றால், புதிய கட்டியை மட்டும் பதமாக எடுத்துவிடலாம். பழையது போக்கிரி, யாரோ தவறாகப் படித்துவிட்டார்கள் என்றால், அந்தச் சுரப்பிக்குள்ளே ஓடுகிற முக நரம்பையும் சேர்த்து எடுக்க வேண்டும். வலது பக்க முகம் தொங்கிப்போகும், கண் மூடாது, சிரித்தால் பாதிதான் சிரிப்பு வரும். எது என்று சொல்ல அந்தக் கட்டை வேண்டும்.

பேராசிரியருக்கும் அது வேண்டும், வேறு காரணத்துக்காக. ஒரே ஆளின் பழைய கட்டி, புதிய கட்டி இரண்டும் ஜோடியாகக் கிடைப்பது அபூர்வம். ஒரு மாதமாக நான் போன் செய்துகொண்டிருந்தேன். எடுப்பது எப்போதும் அவருடைய கணவர் தங்கராஜ். "கட்டை பத்திரமாட்டு உண்டு சாரே," என்பார். எங்கே என்று கேட்டால் சிக்னல் போய்விடும்.

வெள்ளிக்கிழமை காலை நாகர்கோவிலில் பாசஞ்சர் ஏறி, களப்பணியை ஒரு நல்ல தூக்கத்தோடு தொடங்கினேன். கண் விழித்தபோது வண்டி நெய்யாற்றின்கரையில் நின்றுகொண்டிருந்தது. பாறசாலை எப்போதோ பின்னால் போயிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, ரயிலில் மனப்பாடம் செய்து வைத்திருந்த மலையாளத்தை ஒரு சாயாக் கடைக்காரரிடம் எடுத்து விட்டேன். அவர் பால் ஆற்றுவதை நிறுத்தினார்.

"தமிழ்ல கேளும் அண்ணாச்சி. நீரு படுற பாட்டப் பாத்தா எனக்கு சங்கடமாட்டு இருக்கு."

பழம்பொரி ஒன்று தின்றேன். எங்கள் ஊர் பஜ்ஜிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இது தன்னைப் பற்றி வெட்கப்படுவதில்லை. முழு ஏத்தன்பழத்தை நெடுக்காகப் பிளந்து மாவில் முக்கிப் போட்டிருந்தார்கள். இரண்டாவதையும் தின்றேன். பிறகு பஸ் பிடித்துப் பின்னோக்கி வந்தேன்.

தங்கராஜ் வீடு எல்லையை ஒட்டினாற்போல் இருக்கிறது. அடுக்களை கேரளம், கிணறு தமிழ்நாடு. வளைகுடாவில் குழாய் வேலை பார்த்துத் திரும்பியவர் என்பதால், ஒரு மாநிலத்துத் தண்ணீரை மறு மாநிலத்துக்கு மோட்டார் போட்டு இழுக்கிறார். இதைப் பற்றி இரு அரசுகளுக்கும் இன்னும் தெரியவில்லை.

"வாங்க சாரே, இரிங்க. முதல்ல புட்டு தின்னும்."

"கட்டை..."

"பத்திரமாட்டு உண்டு. கடலைக்கறி ஊத்தட்டா?"

புட்டு முடிந்ததும் கட்டை என்றேன். மோர் வந்தது. மோர் முடிந்ததும் கட்டை என்றேன். மதியம் மசித்த மரச்சீனிக் கிழங்கும் மத்தி மீன் கறியும் வந்தன. சாப்பாட்டைக் காட்டி ஒரு அறிவியல் திட்டத்தையே இப்படித் தடுத்து நிறுத்த முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மனிதர் நல்லவர், பொய் சொல்லத் தெரியாதவர். அதனால்தான் இவ்வளவு சமைக்க வேண்டியிருந்தது.

ஐந்து மணிக்கு லில்லிபாய் அக்கா காக்கி உடையோடு வந்தார். காட்டாக்கடையிலிருந்து கள்ளிக்காடு வழியாக அணைக்குப் போய்த் திரும்பும் பஸ் அவருடையது. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டாலும் அலுக்காத குரல். வந்ததும் வராததுமாகக் கணவரைப் பார்த்தார்.

"தம்பி மெனக்கெட்டு மெட்ராஸ்ல இருந்து வந்திருக்கு. எடுத்துக் குடுக்கப்படாதா? எங்க வச்சிருக்கியோ?"

தங்கராஜ் தரையைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "கல்லறைத் தோட்டத்துல."

இவர்கள் மிஷன் காலத்துப் பழைய சபை. சர்க்கரை நோயில் யாருக்காவது காலை எடுத்தால், அந்தக் காலைக் குப்பையில் போட விடமாட்டார்கள். வாங்கி வந்து, ஜெபம் செய்து, குடும்பக் கல்லறையில் வைத்துவிடுவார்கள். எக்காளம் தொனித்து மரித்தவர்கள் உயிர்த்தெழுகிற நாளில் ஆள் முழுதாக எழுந்திருக்க வேண்டாமா? எட்டு வருடம் முன்பு ஆஸ்பத்திரிக்காரர்கள் கட்டையைக் கொடுத்து, "இதுல உங்க மனைவியோட சதை இருக்கு, பத்திரமா வைங்க" என்று சொன்னதும், தங்கராஜ் தனக்குத் தெரிந்ததில் ஆகப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டார். மனைவி தையல் பிரிக்கக் காத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அடக்கம் முடிந்துவிட்டது.

"எனக்கு அடக்கம் பண்ணினியளா?" என்றார் அக்கா. "நான் உயிரோட இருக்கயிலேயே?"

"உனக்கு இல்ல. அந்தத் துண்டுக்கு ஆக்கும்."

"பாட்டு பாடினாவளா?"

"ஒரு பாட்டு. சின்னது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடம்பு குலுங்கச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. இரண்டு பக்க முகமும் சமமாகச் சிரித்தது. நான் அதைக் கவனித்தேன், தொழில் புத்தி.

சனிக்கிழமை போதகரைப் பார்க்கப் போனோம். சாந்தமான மனிதர், புதிதாக மாற்றலாகி வந்தவர். கல்லறையைத் திறப்பதென்றால் அடக்கப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றார். பதிவேட்டின் சாவி சபைச் செயலாளர் வில்சனிடம். அவர் பாலராமபுரத்தில் கைத்தறிக் கடை வைத்திருக்கிறார். கடையை அடைத்துவிட்டு வர மதியமாகிவிட்டது. கசங்காத வேட்டி, தோளில் போட்ட நேரியதுகூட மடிப்புக் கலையாத ஆள்.

பதிவேட்டைப் புரட்டினார். எட்டு வருடம் முந்தைய பக்கத்தில் அழகான கையெழுத்தில் இருந்தது: பெயர், லில்லிபாய். உறவு, தங்கராஜின் மனைவி. காரணம், கட்டி. அந்தப் பதிவேட்டில் 'முழு ஆளா, துண்டா' என்று கேட்கிற கட்டமே இல்லை. காலைப் புதைத்தவர்கள் எல்லாம் சில மாதத்தில் காலோடு போய்ச் சேர்ந்துவிட்டதால் இதுவரை யாருக்கும் சிக்கல் வரவில்லை. லில்லிபாய் அக்காதான் அடக்கத்துக்குப் பிறகு எட்டு வருடமாக டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறார்.

"எலே!" என்று அக்கா கத்தினார். போதகர் நிமிர்ந்ததும் அடக்கிக்கொண்டார். "அப்போ ரெண்டு சபை எலக்சன்லயும் எனக்க பேரு லிஸ்ட்டுல இல்லாம போனது இதுனாலயாக்கும்? சந்தா பிந்திப் போச்சுன்னுல்லா வில்சன் சார் சொன்னீரு?"

வில்சன் தொண்டையைக் கனைத்தார். சபையில் இரண்டு கட்சி. கல்லறைத் தோட்டத்து வாசல் கிழக்கே இருக்கலாமா வடக்கே இருக்கலாமா என்பதில் பிரிந்தவை. வில்சன் கிழக்கு. அக்கா வடக்கு. அக்காவின் ஒரு ஓட்டால் போன தேர்தல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது, எனக்கும் போதகருக்கும் தவிர.

"கல்லறை திறக்கணும்னா மரித்தவரோட வாரிசு மனு எழுதித் தரணும்," என்றார் வில்சன். "சட்டம் அதாக்கும்."

"மரித்தவரு நான்தானே? நானே எழுதித் தாறேன்."

"மரித்தவங்க மனு எழுதினதா முன்மாதிரி இல்ல."

நான் குறுக்கே புகுந்து, நோயாளியின் முகம் பற்றிய விஷயம், தாமதம் கூடாது என்று விளக்கினேன். வில்சன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு எங்கள் ஆய்வுக்கூடத்தின் கடிதம் உண்டா என்றார். கொடுத்தேன். மூன்று பிரதி வேண்டும் என்றார். அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. அப்புறம் யோசித்தேன். போன வருடம் ஒரு தாடைக் கட்டியின் கட்டையை நோயாளியின் மகன் திருப்பிக் கேட்டு வந்தபோது, அவரிடம் நான்காவது பிரதி கேட்டவன் நான்தான்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. முடியும் வரை வெளியே வேப்பமரத்தடியில் நின்று, யாரோ கொடுத்த பாலில்லாத கட்டன்சாயாவைக் குடித்தேன். உள்ளே கிழக்கும் வடக்கும் மோதுகிற சத்தம் வாசல் வரை கேட்டது. "இன்னைக்கு ஒருத்திக்குத் திறந்தா நாளைக்கு எல்லாவனும் வருவான்" என்றது ஒரு குரல். "எதுக்கு வருவான்? போனவன் எவன் திரும்பி வருவான்?" என்றது இன்னொன்று. ஒரு பெரியவர் வெளியே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, என்னிடம் தீப்பெட்டி கேட்டுவிட்டு மறுபடி உள்ளே போனார்.

கடைசியில் என்னையும் கூப்பிட்டார்கள். ஒரு சமாதானம் ஏற்பட்டிருந்தது. கல்லறையைத் திறக்கலாம். ஆனால் பதிவேட்டில் கை வைக்கக் கூடாது. தங்கராஜ், மனைவியை இழந்தவர் என்ற முறையில் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். லில்லிபாய் அக்கா, பதிவேட்டில் உள்ளது சரியே, அதுகுறித்து இனி எந்த வழக்கும் ஆட்சேபமும் இல்லை என்று சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அதாவது தான் செத்தது உண்மைதான் என்று அவரே எழுதித்தர வேண்டும்.

வடக்குக் கட்சி பொங்கியது. "போடாதே மக்கா, கோர்ட்டுக்குப் போவோம்" என்றார்கள். கோர்ட்டுக்குப் போனால் ஜெயிப்பார், அதில் சந்தேகமே இல்லை. எப்போது என்பதுதான் கேள்வி. அறுவை மருத்துவர் எங்களுக்குக் கொடுத்தது இரண்டு வாரம்.

அக்கா என்னைப் பார்த்தார். "கட்டை கிட்டினா எத்தன நாள்ல தெரியும்?"

"மூணு நாள் அக்கா."

"பேனா தா தம்பி."

அதே மேஜையில் எங்கள் ஒப்புதல் படிவத்தையும் வைத்தேன், வேறு வழியில்லை. எங்கள் படிவத்தின் முதல் வரி, 'உயிருடன் உள்ள, சுயநினைவு கொண்ட பங்கேற்பாளர்' என்று தொடங்குகிறது. இரண்டிலும் ஒரே பேனாவால், ஒரே மாதிரிக் கையெழுத்துப் போட்டார். தங்கராஜ் 'மனைவியை இழந்தவர்' என்ற சொல்லின் அடியில் பேனாவை வைத்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்துவிட்டார்.

"ஒப்பு போடும்," என்றார் அக்கா. "ஆனா இதக் காட்டி வேற எவளயாவது கெட்டலாம்னு நெனச்சீருன்னா இருக்கு உமக்கு."

கமிட்டியே சிரித்தது, வில்சன் உட்பட. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கல்லறையின் பக்கவாட்டுச் சிறு பலகையைக் கொத்தனார் ஒருவர் பெயர்த்தார். உள்ளே கை விட்டுத் தங்கராஜ் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. திறந்தால், பாலராமபுரம் நேரியதுத் துணியில் நாலு சுற்றுச் சுற்றி, அதற்குள் பஞ்சு, அதற்குள் கட்டை. ஓரத்தில் கொஞ்சம் பொடிந்திருந்தது, மற்றபடி பூச்சி இல்லை, ஈரம் இல்லை. எண் அறிக்கையோடு ஒத்துப்போயிற்று. எங்கள் குளிர்சாதன அறையில் எத்தனையோ கட்டைகள் ஏ.சி. ஒழுகி நாசமாகியிருக்கின்றன. இதைச் சொன்னால் அடுத்த மானியக் கோரிக்கையில் பேராசிரியர் கல்லறை கட்ட நிதி கேட்பார் என்பதால் அறிக்கையில் எழுதவில்லை.

"தம்பி," என்றார் அக்கா, டின்னை என் கையில் வைத்து. "டாக்டரு இங்கிலீசுல சுத்தி வளச்சுத்தான் பேசுவாரு. எனக்கு நீ சொல்லணும். நேராட்டு சொல்லணும்."

"சொல்றேன் அக்கா."

"கண்டக்டருக்கு மொகம் கோணினா பயந்துபோயி சரியான சில்லறை தருவான்னு இவருட்ட சொன்னேன். சும்மா சொன்னது ஆக்கும். எனக்குப் பயமாட்டு இருக்கு." சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

திரும்பும் பயணம் கோமாளிக்கூத்து. களியக்காவிளையில் பரோட்டாவும் மாட்டிறைச்சி வறுவலும் தின்றேன். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த அம்மாள் டின்னைப் பார்த்துவிட்டு, "பிஸ்கட்டா மக்கா? பிள்ளைக்கு ஒண்ணு தாவேன்" என்றார். இல்லை, மருந்து என்றேன். என்ன மருந்து என்றார். முகத்துக்கு என்றேன். எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டே மார்த்தாண்டம் வரை வந்தார். தக்கலையில் டயர் பஞ்சராகி ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம். மெழுகு இளகிவிடுமோ என்று பயந்து டின்னை என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன், உடம்புச் சூடு வெயிலைவிடக் குறைவுதானே என்ற கணக்கில். எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

புதன்கிழமை மதியம் கட்டையைச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டை நானே நுண்ணோக்கியில் வைத்தேன். முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. நீலப் புள்ளிகளாகச் செல்கள், நடுநடுவே வட்டமான துளைகள், சுத்தமான சல்லடை: போக்கிரிக் கட்டியின் அடையாளம். பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு அழகாக அச்சாகியிருக்காது. எட்டு வருடம் முன்பு பார்த்தவர் எப்படித் தவறவிட்டார் என்றே புரியவில்லை. நகர்த்திக்கொண்டே போனேன். ஓரத்தில் ஒரு நரம்பு, அதைச் சுற்றி வளைத்துக்கொண்டு அதே செல்கள்.

"சார், கிடைச்சாச்சு!" என்று கத்தினேன்.

பேராசிரியர் ஓடி வந்து பார்த்தார். என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். இந்த வகையில் எங்களுக்குக் கிடைத்த முதல் ஜோடி. மாணவர்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். யாரோ லட்டு வாங்க ஆள் அனுப்பினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். வெயிலில் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தது வீண் போகவில்லை என்று எனக்கு உண்மையாகவே சந்தோஷம். கட்டை யாருடையது என்பது அந்தப் பத்து நிமிடம் என் நினைவில் இல்லவே இல்லை.

அப்போது போன் அடித்தது. எண்ணைப் பார்க்காமல், சிரிப்பு அடங்காமலே, "ஹலோ" என்றேன்.

"தம்பி, நான் லில்லிபாய் பேசுறேன். டாக்டரு நாலு மணிக்குப் பேசுவாருன்னு சொன்னாங்க, எனக்கு இரிக்கப் பொறுக்கல்ல." ஒரு கணம் நிறுத்தினார். "என்ன தம்பி, அங்க ஒரே கலகலன்னு கேக்கு? உனக்க சத்தமும் நல்ல சந்தோசமாட்டு உண்டு. அப்போ எனக்க மொகம் தப்பிச்சாச்சு, இல்லியா?"

போனைக் காதில் வைத்தபடியே வெளியே வந்தேன். கைதட்டல் கேட்காத இடம் வரும் வரை வராந்தாவில் நடந்தேன். அந்தப் பக்கம் அவர் பக்கத்தில் இருந்த யாரிடமோ, "நல்ல சேதிதான் போல" என்று சொல்வது கேட்டது.

"இல்லக்கா," என்றேன்.